தடியடியும் தணிக்கையும்

1991-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3-ஆம் நாள். நள்ளிரவு கடந்துவிட்ட நேரம். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலே, தன் வீட்டு மாடத்தில் நின்ற ஒருவர், கையிலிருந்த வீடியோக் கருவியைத் தெருவை நோக்கித் திருப்புகிறார். தெருவிலே கறுப்பர் ஒருவர் வீழ்ந்து கிடக்கிறார். சுற்றிலும் போலீசார். தடி உயர்கிறது, தாழ்கிறது. மீண்டும் உயர்கிறது, மீண்டும் தாழ்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட அடிகள்! ராட்னி கிங் என்ற அம்மனிதர் அடிபட்ட அக்காட்சி மறுநாளே உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்தது. அடுத்துவந்த நாட்களில் உலகமெலாம் சுற்றிற்று. பிள்ளைகள் பார்ப்பார்களே, பிஞ்சு உள்ளம் நஞ்சாகுமே என்று எவரும் அதனை மறைக்கவில்லை. மறைத்திருக்கவும் கூடாது.

ஆனால், இரண்டாண்டுகளுக்கு முன்னே நடந்ததைக் கேளுங்கள். அதே லாஸ் ஏஞ்சலீசை ஒட்டிய காம்ப்டன் என்னும் ஊரில் ஒன்றுகூடிய இளைஞர் ஐவர், என்.டபிள்யூ.ஏ. என்ற பெயரில் ராப் பாடிவந்தனர். ராப் என்பது 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பர் தெருக்களில் பிறந்த பாட்டு. தாளத்தின்மேல் சொல்லை அடுக்கி, இசைத்தும் இசைக்காமலும் ஓதுவது. அவ்விளைஞர் தம் பாட்டுக்கு ஒரு வீடியோப் படம் எடுத்தனர். போலீசார் தெருவை வளைக்கின்றனர், இளைஞரைத் துரத்துகின்றனர், பிடித்து வண்டியில் ஏற்றுகின்றனர். படத்தின் பெரும்பகுதி இதுதான். 1989-இல் அப்படத்தை ஒளிபரப்ப முடியாதென்று கதவடைத்தது எம்.டி.வி. தொலைக்காட்சி. காரணம்? வன்முறையைப் போற்றுகிறதாம்!

நடித்துக் காட்டினால் ஆகாது. நடந்து முடிந்தபின் காட்டினால் ஆகும்! இந்த விந்தையின் வேரைத் தேட வேண்டுமானால், ராப் பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னே செல்லவேண்டும்.

1910-ஆம் ஆண்டு ஜூலை 4. அமெரிக்கர் தம் விடுதலையைக் கொண்டாடும் நாள். நெவாடா மாநிலத்து ரீனோ நகரிலே குத்துச்சண்டை. ஒருபுறம் ஜாக் ஜான்சன். 1908-இல் உலகப் பெருவீரர் பட்டத்தை வென்ற முதற் கறுப்பர். மறுபுறம் ஜேம்ஸ் ஜெஃப்ரீஸ். களத்தை விட்டு ஓய்ந்திருந்தவர். வெள்ளை இனத்தின் மானத்தை மீட்டுத் தரவேண்டும் என்று வருந்தி அழைத்து வந்து நிறுத்தினர். பதினைந்தாம் சுற்றில் மானம் மண்ணில் சாய்ந்தது. அன்றிரவே பல நகரங்களில் கலகம். கறுப்பர் பலர் கொல்லப்பட்டனர்.

அந்தச் சண்டையைப் படமாக எடுத்திருந்தார்கள். அதைக் காட்டலாகாது என்று ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாகத் தடைகள் பிறந்தன. அமைதி கெடுமாம், முரட்டுத்தனம் பரவுமாம்! அதற்கு முன் வெள்ளையர் வெள்ளையரைக் குத்திச் சாய்த்த படங்கள் ஓடவில்லையா? 1897 முதலே ஓடின. அப்போது கெடாத அமைதி, கறுப்புக்கை ஓங்கியவுடன் கெட்டுவிட்டது. 1912-இல், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் கொண்டுசெல்வது குற்றம் என்று நாட்டுச் சட்டமே வந்தது. 1940 வரை அது நின்றது.

வெள்ளையர் கூட்டம் கூடிக் கறுப்பரை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்று, பிணத்தின் பக்கத்தில் நின்று ஒளிப்படம் எடுத்து, அதை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்ற காலமும் அதுவேதான். அந்தக் கும்பற்கொலையைத் தனிக்குற்றமாக்கி நாடு தழுவிய சட்டம் வந்தது எந்த ஆண்டு என்று எண்ணுகிறீர்கள்? 2022! குத்துப்படத்தைத் தடுக்க இரண்டே ஆண்டு. கொலையைத் தடுக்க அதற்கப்பால் நூற்றுப்பத்து ஆண்டு. நாம் வரலாறு படித்த கல்லூரியில் இவ்விரு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டியவர் எவருமில்லை.

அடுத்து, 1915 பிப்ரவரி. ஐந்து நாள் இடைவெளியில் இரு நிகழ்ச்சிகள். 18-ஆம் நாள், கிரிஃபித் எடுத்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ என்னும் படம் வெள்ளை மாளிகையில், குடியரசுத் தலைவர் வில்சன் முன்னிலையில் காட்டப்பட்டது. முகமூடியும் வெள்ளையங்கியும் அணிந்து கறுப்பரை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாரைக் காவலர்களாக, கற்பைக் காத்த கண்ணியவான்களாகச் சித்திரித்த படம் அது. 23-ஆம் நாள், திரைப்படம் என்பது வெறும் வாணிபமே, அதற்குப் பேச்சுரிமையின் பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1952-இல் அந்நீதிமன்றமே அதை மாற்றிக்கொள்ளும் வரையில், தணிக்கையாளர் கையிலிருந்த கத்தரிக்கோலுக்குக் கேள்விமுறை கிடையாது.

இந்த இடத்திலே நம் தோழர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கிரிஃபித்தின் படத்தைத் தடைசெய்யுமாறு கேட்டவர்கள் யார்? கறுப்பர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. இயக்கத்தார்! பாஸ்டன் நகரில் கறுப்பர் தலைவர் மன்றோ டிராட்டர் வீதியில் இறங்கி மறியல் நடத்தினார். அவர்கள் அச்சம் வீணன்று. மடிந்து கிடந்த கிளான் கூட்டம் அவ்வாண்டு இறுதியிலேயே ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றின் மேல் நெருப்புச் சிலுவை ஏற்றிப் புத்துயிர் பெற்றது. ஆள் சேர்க்க அப்படத்தையே கருவியாகக் கொண்டது. ஆகவே, ‘படம் படந்தான், அது எவரையும் ஒன்றும் செய்யாது’ என்று கைகழுவிவிடும் வாதம் நம்முடையதன்று. எழுத்துக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பித்தானே நாமே எழுதுகிறோம்!

எம்.டி.வி.க்கு வருவோம். 1981 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கிய அத்தொலைக்காட்சியில், தொடக்க ஆண்டுகளில் கறுப்பு முகமே அரிது. 1983-இல் மைக்கேல் ஜாக்சன் வந்துதான் கதவு சற்றே திறந்தது. ராப்புக்கென்று தனி நிகழ்ச்சி வந்தது 1988-இல். அதற்குள் கத்தரிக்கோல் தீட்டி வைக்கப்பட்டிருந்தது. 1985 செப்டம்பரில், அரசியலாளரின் மனைவியர் சிலர் கூடி அமைத்த பி.எம்.ஆர்.சி. என்ற குழுவின் முறையீட்டின்மேல், செனட் மன்றத்தில் விசாரணை நடந்தது. ஆபாசம், வன்முறை, பேய் வழிபாடு என்று அக்குழு பட்டியலிட்ட பாட்டுக்கள் பதினைந்து. அவற்றில் ராப் ஒன்றுகூட இல்லை! ஆயினும், அதன் விளைவாகப் பிறந்த எச்சரிக்கை முத்திரை, 1990-க்குப் பிறகு ராப் இசைத்தட்டுகளின் நெற்றியில் நிலைத்துவிட்டது. சில கடைக்காரர் அம்முத்திரையைக் கண்டே சரக்கை மறுத்தனர். சில இளைஞர் அதைக் கண்டே வாங்கினர்.

காம்ப்டன் இளைஞர் எடுத்த படம் கற்பனையா? லாஸ் ஏஞ்சலீஸ் போலீசார் ‘ஹேமர்’, அதாவது சம்மட்டி, என்று பெயர் சூட்டி நடத்திய வேட்டையில், 1988 ஏப்ரலில், ஒரே வாரயிறுதியில் 1,400 பேருக்கு மேல் பிடிபட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நாள், டால்டன் தெருவிலே, ஏறத்தாழ 80 போலீசார் குடியிருப்புகளுக்குள் புகுந்து, போதைப்பொருள் தேடுகிறோம் என்று சுவரை உடைத்தனர், கழிப்பறையைப் பெயர்த்தனர், தட்டுமுட்டுச் சாமான்களை நொறுக்கினர். அகப்பட்டதோ கைப்பிடியளவு. வீடிழந்தோருக்கு நகராட்சி பின்னர் இழப்பீடாகப் பல இலட்சம் டாலர் கொட்டிக் கொடுத்தது.

சரியாக ஓராண்டு கழித்து, 1989 ஆகஸ்டு முதல் நாள் தேதியிட்டு ஒரு கடிதம். எழுதியவர் எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் துணை இயக்குநர் மில்ட் அலரிச். பெற்றது அவ்விளைஞரின் இசைத்தட்டை வெளியிட்ட பிரையாரிட்டி நிறுவனம். போலீசாரை வசைபாடிய அவர்களுடைய வேறொரு பாட்டைச் சுட்டி, முந்தைய ஆண்டில் கடமையின்போது கொல்லப்பட்ட போலீசார் 78 பேர் என்ற கணக்கையும் காட்டி, இப்பாட்டு வன்முறையைத் தூண்டுகிறது என்று அக்கடிதம் வருந்திற்று. நாள் ஒற்றுமை தற்செயலே. அதில் சூழ்ச்சி காண நாம் விரும்பவில்லை. அக்கடிதத்தில் தடை இல்லை, தண்டனை இல்லை, சட்டப்பிரிவு இல்லை. வருத்தம் மட்டுமே! ஆனால் நாட்டின் உளவுத்துறை ஒரு வணிகருக்கு வருத்தம் தெரிவிக்குமானால், அது வெறும் வருத்தமா? வழக்கென்றால் வாதாடலாம், தடையென்றால் மேன்முறையீடு செய்யலாம். வருத்தத்தை எதிர்த்து எந்த மன்றத்துக்குப் போவது? அதனால்தான் அக்கடிதத்தை நாம் 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தினும் கூர்மையான கத்தரிக்கோல் என்கிறோம்.

கூறவேண்டியதைக் கூறிவிடுவோம். அப்பாட்டுக்களில் துப்பாக்கிப் பெருமை உண்டு. பழிவாங்கும் வெறி உண்டு. பெண்ணை இழிக்கும் பேச்சு மிகுதியும் உண்டு. 1992 சனவரியில் பப்ளிக் எனிமி என்ற மற்றொரு குழுவின் படத்தை எம்.டி.வி. ஒரேமுறை காட்டிவிட்டு நிறுத்தியது. மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்தநாளை விடுமுறை நாளாக்க மறுத்த அரிசோனா மாநிலத்தின் ஆளுநர் காரோடு குண்டுவைத்துக் கொல்லப்படுவதாக அதில் காட்சி. சினம் நியாயமானது, ஆனால் அறப்போராட்டமே ஆயுதமென வாழ்ந்து, குண்டுக்கு இரையான ஒருவரின் பெயரால் குண்டுவைப்பதா? பொருந்தாக் கற்பனை என்றே நாம் கருதுகிறோம். அவ்வாண்டு நவம்பரில் அரிசோனா மக்கள் வாக்களித்தே அவ்விடுமுறையை ஏற்றனர்.

1992 ஏப்ரல் 29. ராட்னி கிங்கை அடித்த போலீசாரைக் குற்றவாளிகள் அல்லர் என்றது ஜூரி. உலகமே கண்ட காட்சி, பன்னிருவர் கண்ணுக்குப் படவில்லை! நகரம் எரிந்தது, அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் புகை அடங்குமுன் எழுந்த கூச்சல் எதைப் பற்றி? ‘காப் கில்லர்’ என்ற பாட்டைப் பற்றி. டெக்சாஸ் போலீசார் சங்கம் டைம் வார்னர் நிறுவனத்தைப் புறக்கணிக்க அழைத்தது. துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல் கண்டித்தார். ஜூலை இறுதியில், பாடிய ஐஸ்-டி தாமே அப்பாட்டை விலக்கிக்கொண்டார். வேடிக்கை என்னவெனில், அது ராப் பாட்டே அன்று. ஹெவி மெட்டல் என்னும் கிதார் முழக்கம்! பாடியவர் கறுப்பர், முன்பு ராப் பாடியவர். ஆகவே ராப் என்று பெயரிட்டுத் திட்டினர்.

இது நம் ஊகம் மட்டுமன்று. கேரி ஃபிரைட் என்ற உளவியல் அறிஞர் 1996-இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைச் சோதித்தது. கொலையைச் சொல்லும் பழைய நாட்டுப்புறப் பாணிப் பாட்டொன்றின் வரிகளை அவர் பலரிடம் காட்டினார். சிலரிடம் கிராமியப் பாட்டென்றார். சிலரிடம் ராப் என்றார். சொல் ஒன்றே, வரி ஒன்றே. ராப் என்று கேட்டவர்களே அதை மிகக் கொடியதென்றனர். 2016-இல் வேறு அறிஞர் அச்சோதனையை மீண்டும் நடத்தியபோதும் விடை மாறவில்லை.

இனி, தடையை விரும்பியோரெல்லாம் வெள்ளை வெறியர் என்று எண்ணிவிடாதீர்கள். சி. டெலோரஸ் டக்கர் அம்மையார், 1965-இல் செல்மா நகரில் வாக்குரிமைக்காக நடந்தவர். 1971-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் செயலாளராகிய கறுப்புப் பெண்மணி. அவர்தான் 1993 முதல் ராப்பின் வன்முறையையும் பெண்ணிழிவையும் எதிர்த்துக் கடைவாயில்களில் மறியல் செய்தார். 1995-இல் டைம் வார்னரின் பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்து நின்று, இதில் வரும் பணத்தால் வாழ்கிறீர்களே என்று கேட்டார். கேள்வி கூர்மையானது. ஏனெனில் கறுப்புத் தெருவின் சாவு, வெள்ளைப் புறநகரின் பொழுதுபோக்காக விற்பனையாயிற்று. பாடியவன் சுடப்பட்டான், விற்றவன் செழித்தான். டூபாக் ஷகூர் 1996-இலும், நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997-இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒருவருக்கு அகவை 25, மற்றவருக்கு 24. நாம் இப்போது வகுப்பறையில் நிற்கும் வயது!

அம்மையாரின் போராட்டத்தால் என்ன விளைந்தது? 1995-இல் டைம் வார்னர், ராப் வெளியிட்ட இன்டர்ஸ்கோப் நிறுவனத்தில் தனக்கிருந்த பாதிப் பங்கை விற்றுத் தூய்மை கொண்டாடியது. 1996-இல் அப்பாதியை எம்.சி.ஏ. என்னும் மற்றொரு பெருநிறுவனம் வாங்கிற்று. பாட்டு நிற்கவில்லை, பெட்டிதான் கைமாறியது. அம்மையாரோடு மேடையேறிய வில்லியம் பென்னட், பாட்டைப் பற்றிப் பேசிய அளவு காம்ப்டனின் பள்ளிகளைப் பற்றியும் பேசியிருந்தால் நாம் மகிழ்ந்திருப்போம். அவர் முன்னாள் கல்வி அமைச்சர் அல்லவா!

இந்த வழக்கு இப்போது கடல் கடந்து இலண்டனில் நடக்கிறது. 2010-க்குப் பிறகு சிகாகோவில் தோன்றிய ‘டிரில்’ என்னும் ராப் வகை, இலண்டனின் பிரிக்ஸ்டன் முதலான பகுதிகளில் வேரூன்றிற்று. முகத்தை மூடிய இளைஞர், எதிர்க்கும்பலை ஏளனம் செய்யும் பேச்சு, செத்தவனைப் பெயர் சொல்லிச் சிரிக்கும் வரிகள். கத்திக்குத்தில் மகனை இழந்த தாய், அவன் சாவு பாட்டாகிப் பல்லாயிரம் பேர் பார்ப்பதைக் காணும்போது, ‘அதை நீக்குங்கள்’ என்று கதறுகிறாள். ‘பேச்சுரிமை, அம்மா!’ என்று அவளிடம் சொல்ல நம் நா எழாது. பள்ளியில் நம்மிடம் பயிலும் பையனொருவன் இத்தகைய வீடியோவைக் கைப்பேசியில் காட்டியபோது, நாமே ஒரு கணம் அதைப் பிடுங்கி எறிய எண்ணினோம். பிடுங்கவில்லை, இந்தப் பாட்டிலே சிரிப்பவன் யார், செத்தவன் யார் என்று அவனையே கேட்டோம். அவன் விடை சொல்ல இரண்டு நாள் ஆயிற்று.

இலண்டன் போலீசார் கேள்வி கேட்கவில்லை. 2005 முதல் 2017 வரை, இசை நிகழ்ச்சி நடத்துவோர் ‘படிவம் 696’ நிரப்பவேண்டுமென்றனர். தொடக்கத்தில் அதில், வருவோர் எந்த இனத்தவர் என்ற வினாவும் இருந்தது! 2018-இல் போலீசார் கேட்டபடி யூடியூப் முப்பது வீடியோக்களை நீக்கியது. அவ்வாண்டே டிரில் குழுவொன்றின் இளைஞருக்கு நீதிமன்றம் இட்ட ஆணை: வீடியோ வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீசாருக்குச் சொல்லவேண்டும், பாட்டு நிகழ்ச்சி என்றால் 48 மணி நேரம் முன்னதாகவே சொல்லவேண்டும். 2019 சனவரியில், தடுக்கப்பட்ட பாட்டை மேடையில் பாடியதற்காக ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இருவருக்கு ஒன்பது மாதச் சிறை. நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை எனினும் தண்டனையே.

2022-இல் ஒரு கதவு திறந்தது. சிங்ஸ் என்ற பாடகரின் வீடியோவை இன்ஸ்டாகிராமிலிருந்து போலீசார் கேட்டு நீக்கவைத்தனர். அந்நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் அதை ஆராய்ந்து, நீக்கியது தவறு என நவம்பரில் முடிவு சொன்னது. ஆய்வின்போது போலீசாரிடமிருந்தே பெற்ற கணக்கு இது: 2021 ஜூன் முதல் 2022 மே வரை, இசை தொடர்பாக அவர்கள் சமூக வலைத்தளங்களுக்கு அனுப்பிய வேண்டுகோள்கள் 286. நீக்கப்பட்டவை 255. அந்த 286-இல் டிரில் அல்லாத இசை எத்தனை? ஒன்றுமில்லை! இலண்டனில் எழும் பாட்டுக்களில் வேறெந்த வகையிலும் கொலை இல்லை, கத்தி இல்லை போலும்! 1989-இல் ஒரு கடிதம். இங்கே ஓராண்டில் 286. அன்றைய கடிதத்துக்கேனும் கையெழுத்து இருந்தது. ஏடுகள் அதை அச்சிட்டு உலகறியச் செய்தன. இங்கே பாடியவனுக்கே தெரியாமல் பாட்டு மறைகிறது.

ஒருவனைக் கொல்வேன் என்று பெயர் குறித்து மிரட்டினால், அது பாட்டானாலும் குற்றமே. அதற்கு வழக்குத் தொடரட்டும். திறந்த மன்றத்தில் சான்று காட்டட்டும். காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 1992-இல் டெக்சாசில் போலீசார் ஒருவரைச் சுட்டுக்கொன்ற இளைஞனுக்காக, டூபாக்கின் பாட்டு அவனைத் தூண்டியது என்று வழக்கறிஞர் வாதாடினார். ஜூரிகள் பாட்டைக் கேட்டனர், வாதத்தை ஏற்கவில்லை, குற்றத்தைச் செய்தவன் மீதே வைத்தனர். மறுபுறம், பாட்டு வரிகளையே கொலைக்குச் சான்றாக அடுக்கும் வழக்கம் அமெரிக்க மன்றங்களில் பெருகியது. நியூ ஜெர்சியின் உச்ச நீதிமன்றம் 2014-இலும், கலிஃபோர்னியா 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அதற்குக் கடிவாளம் இட்டன.

தணிக்கையின்றி இவ்வன்முறையை, சிறப்பாகப் பெண்ணின் மீதான வன்முறையை, எதிர்ப்பது எவ்வாறு என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். 2004 ஏப்ரல். அட்லாண்டா நகரில், கறுப்புப் பெண்களுக்கென்று அமைந்த ஸ்பெல்மன் கல்லூரி. இரத்தப் புற்றுநோயுற்ற தம் சகோதரிக்காக எலும்பு மஜ்ஜைக் கொடையாளரைத் தேடி, ராப் பாடகர் நெல்லியின் அறக்கட்டளை அங்கே முகாம் நடத்த இருந்தது. அந்நாளில் அவருடைய வீடியோ ஒன்று நள்ளிரவுத் தொலைக்காட்சியில் வந்துகொண்டிருந்தது. பெண்ணின் உடல் அதில் கடன் அட்டை தேய்க்கும் கருவியாக்கப்பட்டிருந்தது. மாணவியர் சொன்னார்கள்: வரட்டும், கறுப்புப் பெண்ணின் எலும்பின் உள்ளிருப்பது வேண்டுமென்று கேட்கிறவர், அவள் உடலை ஏன் அப்படிக் காட்டினார் என்று எங்களோடு அமர்ந்து பேசட்டும். பேச வரவில்லை. முகாமையே அறக்கட்டளை கைவிட்டது.

மாணவியர் தாமே முகாம் நடத்திக் கொடையாளர் பெயர்களைப் பதிவு செய்தனர்.